எழுபது கையெழுத்து!

மனு எழுதிப் பழகியவர்கள் நாம். ஆலைத் தொழிலாளி எழுதுகிறான், கூலி உயர வேண்டும் என்று. குப்பத்து மக்கள் எழுதுகின்றனர், குடிநீர்க் குழாய் வேண்டும் என்று. கைநாட்டும் கையெழுத்துமாகத் தாள் நிரம்புகிறது. அந்தத் தாள் ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்குப் போகிறது. அங்கிருந்து இன்னொரு மேசைக்கு. எந்த மேசையின் இழுப்பறையில் அது கண்மூடியது என்பது மட்டும் எழுதியவனுக்குத் தெரிவதே இல்லை.

ஏழையின் மனுவுக்குத்தான் இந்தக் கதி என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! பட்டம் பல பெற்ற விஞ்ஞானிகள் எழுபது பேர் கையொப்பமிட்ட மனு ஒன்றும் இதே பாதையில் நடந்து, இதே போல் மறைந்திருக்கிறது. 1945ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாளிட்ட மனு அது. கூலி உயர்வு கேட்ட மனுவல்ல; பதவி கேட்ட மனுவல்ல. அணுகுண்டைச் செய்யும் வேலையில் ஈடுபட்டவர்களே, அதை ஜப்பான் நாட்டு நகரங்களின் மீது அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர் என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவரை வேண்டிக்கொண்ட மனு. நாள் இருபது கழிந்தது. ஹிரோஷிமா சாம்பலாயிற்று.

அந்த மனுவை எழுதியவரின் பெயர் லியோ சிலார்டு. அணுவைப் பிளந்து தொடர் நெருப்பாக்கலாம் என்று உலகில் முதன்முதல் எண்ணியவரும் அவரே. அந்த ஆயுதத்தைச் செய்யத் தூண்டியவரும் அவரே. தாமே மூட்டிய தீயைத் தடுக்கக் கைநீட்டியவரும் அவரே. இந்த முரண்பாட்டுக்குள் ஒரு பாடம் இருக்கிறது. அதற்காகவே அவர் வாழ்வை இன்று எடுத்துச் சொல்கிறோம்.

ஹங்கேரி நாட்டுத் தலைநகர் புடாபெஸ்டில், 1898ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், யூதக் குடும்பமொன்றில் பிறந்தார் சிலார்டு. தந்தை பொறியாளர், வீட்டில் வறுமை இல்லை. முதல் உலகப் போர் மூண்டது. 1917இல் இளைஞர் சிலார்டையும் படையில் சேர்த்தார்கள். போர்முனைக்குப் போகுமுன் விஷக்காய்ச்சல் கண்டு படுக்கையில் வீழ்ந்தார். அவருடன் பயிற்சி பெற்றவர்கள் முனைக்குச் சென்றனர். அந்தப் படைப்பிரிவு பெருஞ்சேதம் அடைந்தது. காய்ச்சல் கொல்லவில்லை, காப்பாற்றியது!

போர் முடிந்து கல்லூரிக்குத் திரும்பினார். வாயிற்படியிலேயே வழிமறித்தது ஒரு கூட்டம். யூதன் இங்கே படிக்கலாகாது என்றது. மதம் மாறியதற்கான சான்றிதழைக் காட்டினார். பயனில்லை, அடித்து விரட்டினர். பிறப்பைக் காட்டிப் படிப்பைத் தடுப்பது எத்தகைய கொடுமை என்பதை நம் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1919ஆம் ஆண்டின் இறுதியில் பிறந்த நாட்டை விட்டுப் பெர்லின் நகர் சென்றார்.

அந்நாளில் பெர்லின் அறிவுலகின் தலைநகரம். ஐன்ஸ்டைன் அங்கே இருந்தார். மாக்ஸ் பிளாங்க் இருந்தார். அவர்களிடையே வளர்ந்து 1922இல் டாக்டர் பட்டம் பெற்றார் சிலார்டு. ஐன்ஸ்டைனின் நண்பருமானார். ஒரு நாள் பத்திரிகையில் ஒரு செய்தி: குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நச்சுவாயு கசிந்து, உறங்கிக்கொண்டிருந்த குடும்பமொன்று மாண்டு போயிற்று. இருவரும் கூடிப் பேசினர். ஓடும் உறுப்பு இல்லாத, நச்சு கசியாத குளிர்பெட்டி ஒன்றை வகுத்து, அதற்கு உரிமைப் பத்திரங்களும் பெற்றனர். ஒரு குடும்பம் மாண்ட செய்தி கேட்டு நெஞ்சு பதறியவர் அவர். அவர் கைபட்ட வேலையிலிருந்தே, குடும்பங்களை ஆயிரமாயிரமாக எரித்த கருவி பின்னாளில் பிறந்தது. இதைவிடக் கொடிய விளையாட்டு வரலாற்றில் உண்டோ!

1933ஆம் ஆண்டு ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். பிப்ரவரியில் நாடாளுமன்றக் கட்டடம் தீக்கிரையாயிற்று. நிலைமை தானே சீர்ப்படும் என்றிருந்தனர் பலர். சிலார்டு அப்படியிருக்கவில்லை. இரண்டு பெட்டிகளில் துணிமணிகளைக் கட்டி வைத்திருந்தார். மார்ச்சு இறுதியில் வியன்னாவுக்கு இரயில் ஏறினார். வண்டியில் கூட்டமே இல்லை. மறுநாள் அதே வண்டியில் கூட்டம் நிரம்பி வழிந்தது, எல்லையில் நாஜிகள் நிறுத்தினர், கேள்வி கேட்டனர், பலரைத் திருப்பி அனுப்பினர். மற்றவரைவிட ஒரு நாள் முந்திக்கொள்வது போதும் என்று அவர் பின்னர் சொல்வதுண்டு. தாம் தப்பியதும் தம் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு அவர் போய்விடவில்லை. ஜெர்மனியில் வேலையிழந்த பேராசிரியர்களுக்கு இடம் தேடித் தரும் சங்கம் ஒன்று இங்கிலாந்தில் அமைய ஓடியாடி உழைத்தார்.

அந்த ஆண்டு செப்டம்பரில் இலண்டன் நகரத் தெருவொன்றில் நின்றார் சிலார்டு. அணுவிலிருந்து தொழிலுக்குப் பயன்படும் ஆற்றல் கிடைக்குமென்பது வெறும் கற்பனை என்று பெரும் விஞ்ஞானி ரூதர்போர்டு பேசியிருந்தார். அந்தச் செய்தியைப் படித்த எரிச்சல் அவர் மனத்தில். சாலை விளக்கு மாறக் காத்திருந்தார். விளக்கு மாறியது, அவர் நினைவிலும் ஒரு விளக்கு எரிந்தது. ஒரு நியூட்ரான் பட்டு உடையும் அணு, இரண்டு நியூட்ரான்களைக் கக்குமானால்? ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். திருவிழாச் சரவெடியில் ஒரு முனையில் வைத்த பொறி மறுமுனை வரை தானே ஓடுவதில்லையா? அதுபோல! ஆனால் ஒன்று ஒன்றாக அல்ல, இரட்டித்து இரட்டித்து, கண்மூடித் திறக்கும் நேரத்தில்!

எந்தத் தனிமம் அப்படி உடையும் என்று அப்போது அவருக்குத் தெரியாது. உடைந்தால் என்ன விளையும் என்பது மட்டும் தெரியும். 1934இல் இதற்கு உரிமைப் பத்திரம் பதிவு செய்தார். பணத்துக்காக அல்ல, 1936இல் அதைப் பிரிட்டிஷ் கடற்படைத் துறையிடம் ஒப்படைத்து, இரகசியமாக வைக்கச் செய்தார். ஹிட்லரின் ஆட்கள் அறிந்துவிடலாகாது என்பதே அவர் அச்சம்.

அச்சம் பலித்தது. 1938 டிசம்பரில் யுரேனிய அணு பிளக்கும் உண்மை வெளிப்பட்டது; எங்கே? ஹிட்லரின் பெர்லினில்! ஆட்டோ ஹான், ஸ்ட்ராஸ்மன் என்னும் இருவர் ஆய்வில். அப்போது சிலார்டு அமெரிக்காவில். நண்பரிடம் கடன் வாங்கி, ரேடியத்தை வாடகைக்குப் பிடித்து, 1939 மார்ச்சில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சோதனை செய்தார். திரையில் ஒளிப்பொறிகள் தெரிந்தன. நியூட்ரான்கள் வெளிவருகின்றன! அதாவது சரவெடி வெடிக்கும்! வேறொருவராயின் அன்றிரவு ஆனந்தக் கூத்தாடியிருப்பார். உலகம் துயரத்தை நோக்கிப் போகிறது என்ற எண்ணத்தோடு வீடு திரும்பினார் சிலார்டு.

ஹிட்லர் முந்திக்கொண்டால்? இந்தக் கேள்விதான் அவரை உறங்கவிடவில்லை. கோடைக்காலம், ஐன்ஸ்டைன் கடற்கரையூர் ஒன்றில் தங்கியிருந்தார். நண்பர் விக்னருடன் காரில் சென்ற சிலார்டுக்கு வீடு தெரியவில்லை. தெருவில் நின்ற சிறுவன் ஒருவன் வழிகாட்டினான். பிறகு இன்னொரு முறை, டெல்லருடன் சென்றார். அதன் விளைவாக எழுந்ததே, 1939 ஆகஸ்டு 2ஆம் நாளிட்டு, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கு ஐன்ஸ்டைன் கையெழுத்திட்ட புகழ்பெற்ற கடிதம். கையெழுத்து ஐன்ஸ்டைனுடையது, முயற்சி சிலார்டினுடையது. அந்தக் கடிதம் அக்டோபரில் ரூஸ்வெல்ட்டிடம் போய்ச் சேர்ந்தது. அப்போது ஐரோப்பாவில் போர் மூண்டுவிட்டது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள், தோழர்களே. குண்டு செய்யலாம் என்று எழுதியபோது ஒரு கையெழுத்தே போதுமானதாக இருந்தது. கதவு திறந்தது. குண்டைப் போடாதீர் என்று எழுதியபோது கையெழுத்து எழுபது; கதவு திறக்கவில்லை. ஆட்சிபீடங்களின் காது எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமோ?

வேலை விரைந்தது. 1942 டிசம்பர் 2ஆம் நாள், சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டு மைதானத்தின் பார்வையாளர் மேடைக்கு அடியில், பெர்மியும் சிலார்டும் வகுத்த முறைப்படி அடுக்கிய கரிக்கட்டிகளும் யுரேனியமும் கொண்ட அடுக்கில், தொடர்வினை முதன்முறையாக நிகழ்ந்தது. எல்லோரும் மகிழ்ந்து கலைந்தனர். சிலார்டு பின்தங்கினார். பெர்மியின் கையைக் குலுக்கி, இது மனித வரலாற்றில் ஒரு கறுப்பு நாளாகக் கருதப்படும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு முன்பே எல்லாம் இராணுவத்தின் கைக்கு மாறியிருந்தது. தளபதி குரோவ்ஸ் மேலாளர் ஆனார். கேள்வி கேட்கும் விஞ்ஞானியைப் பிடிக்குமா அவருக்கு? எதிரி நாட்டான் என்று சொல்லிச் சிலார்டைச் சிறைப்படுத்தவே திட்டமிட்டார்; போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சன் இசையவில்லை. சிறை தவறியது, வேவு தொடர்ந்தது. சிலார்டு போகுமிடமெல்லாம் ஒற்றர்கள் பின்சென்றனர். சரவெடியைக் கண்டறிந்தவனுக்கே தீப்பெட்டியைத் தொட உரிமை இல்லை! நெய்தவன் உடுத்தும் உரிமையின்றி நிற்பதையும், கட்டியவன் குடியிருக்கும் உரிமையின்றி நிற்பதையும் நாம் அறிவோம். அறிவால் உழைப்பவனுக்கும் அதே கதிதான்.

1945 பிறந்தது. ஜெர்மனி வீழ்ந்துகொண்டிருந்தது, அங்கே அணுகுண்டு இல்லை என்பதும் தெளிவாயிற்று. எந்த அச்சத்துக்காக வேலை தொடங்கியதோ அந்த அச்சம் அகன்றது. அப்படியானால் வேலை எதற்கு? இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு, ஜோசப் ராட்பிளாட் என்னும் போலந்து நாட்டு விஞ்ஞானி 1944ஆம் ஆண்டின் இறுதியிலேயே ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறிவிட்டார். சிலார்டு வெளியேறவில்லை. உள்ளே இருந்தே தடுக்க முயன்றார்.

மீண்டும் ஐன்ஸ்டைனிடம் சென்று ரூஸ்வெல்ட்டுக்கு அறிமுகக் கடிதம் பெற்றார். ரூஸ்வெல்ட்டின் மனைவியார், மே 8ஆம் நாள் சந்திக்கலாம் என்று எழுதினார். ஏப்ரல் 12இல் ரூஸ்வெல்ட் காலமானார்! புதிய தலைவர் ட்ரூமனின் மாளிகைக்குப் போனார். அங்கிருந்தவர்கள், தென் கரோலினாவில் ஜேம்ஸ் பைர்ன்ஸ் என்பவரைப் பாருங்கள் என்று அனுப்பினர். அயலுறவு அமைச்சராக வரவிருந்தவர் அவர். மே 28ஆம் நாள் சந்திப்பு நடந்தது. சிலார்டு எழுதிவைத்த நினைவுக் குறிப்பு, பைர்ன்ஸ் பேசியதன் சாரத்தைத் தருகிறது. இருநூறு கோடி டாலர் செலவாகியிருக்கிறது. காங்கிரசு கணக்குக் கேட்காதா? குண்டின் வலிமையைக் காட்டினால் இரஷ்யா வழிக்கு வராதா? ஹங்கேரியில் பிறந்த நீர், அங்கே இரஷ்யப் படை நிலைத்து நிற்பதை விரும்புவீரா? இவையே அந்த அரசியல்வாதியின் கவலைகள். உள்ளம் உடைந்து திரும்பினார் சிலார்டு.

மூன்று நாள் கழிந்தது. மே 31ஆம் நாள் வாஷிங்டனில் கூடியது ஸ்டிம்சன் தலைமையிலான இடைக்காலக் குழு. குண்டை எங்கே போடுவது? குறிப்பேட்டில் பதிவாகியிருக்கும் முடிவைக் கேளுங்கள், தொழிலாளத் தோழர்களே! பெருந்தொகையான தொழிலாளர்கள் வேலை செய்யும் முக்கியப் போர்த் தொழிற்சாலை; அதைச் சுற்றி நெருக்கமாகத் தொழிலாளர் குடியிருப்புகள்; அப்படிப்பட்ட இடமே சிறந்த இலக்கு என்றார்கள். முன்னெச்சரிக்கை தரவேண்டியதில்லை என்றும் தீர்மானித்தார்கள். போரைத் தொடங்கியவர்கள் அரண்மனையிலும் தலைமைத் தளத்திலும் இருந்தனர். இலக்கானதோ தொழிலாளியின் வீடு! சட்டி பானையும், தொட்டிலும், காயப்போட்ட துணியும் உள்ள வீடு!

சிகாகோவில் விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. பேராசிரியர் ஜேம்ஸ் பிராங்க் தலைமையில் சிலார்டு உட்பட எழுவர், ஜூன் 11ஆம் நாள் ஓர் அறிக்கை தந்தனர். மனிதர் இல்லாத பாலையிலோ தீவிலோ உலக நாட்டுப் பிரதிநிதிகள் முன்னிலையில் குண்டை வெடித்துக் காட்டுக. திடுமென நகரத்தின்மீது போட்டால் ஆயுதப் போட்டியே விளையும் என்று எச்சரித்தனர். ஓப்பன்ஹைமர், பெர்மி, லாரன்ஸ், காம்ப்டன் நால்வரும் கொண்ட ஆலோசனைக் குழு இதற்கு மாறாகச் சொன்னது. வெடித்துக் காட்டுவதால் மட்டும் போர் முடியுமென்று எங்களால் உறுதிகூற முடியவில்லை. நேரடியாகப் பயன்படுத்துவது தவிர வேறு வழி தோன்றவில்லை என்றது.

இனி என்ன வழி? சிலார்டு மனு எழுதினார். முதல் வரைவு ஜூலை 3ஆம் நாள் சுற்றுக்கு வந்தது. அது கடுமையானது என்றனர் சிலர், திருத்தினார். விதிக்கப்படும் நிபந்தனைகளை ஜப்பானுக்கு வெளிப்படையாக அறிவியுங்கள். அதன் பிறகும் சரணடைய மறுத்தாலன்றிக் குண்டைத் தொடாதீர்கள். மறுத்தாலும்கூட, இதிலுள்ள அறப்பொறுப்பை எண்ணிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். முதலில் பயன்படுத்தும் நாடு, எண்ணிப் பார்க்க முடியாத அழிவுக்காலத்தின் கதவைத் திறந்துவிட்ட பழியைச் சுமக்க நேரும். இதுவே மனுவின் பொருள். சிகாகோவில் எழுபது பேர் கையெழுத்திட்டனர். ஓக் ரிட்ஜ் ஆலையிலும் அறுபதுக்கு மேற்பட்டோர் வேறொரு மனு எழுதினர். குண்டை உருவாக்கிய லாஸ் அலமாஸ் கூடத்துக்கும் சிலார்டு அனுப்பினார். அங்கே அதைச் சுற்றுக்கு விடலாகாதென்று தடுத்துவிட்டார் ஓப்பன்ஹைமர்.

அதே ஜூலையில் சிகாகோ விஞ்ஞானிகள் 150 பேரிடம் மேலிடம் கருத்துக் கேட்டது. உடனே முழு வேகத்தில் பயன்படுத்துக என்றவர்கள் நூற்றுக்கு 15 பேர். ஜப்பானில் இராணுவ முறையில் ஒரு முறை காட்டிவிட்டுச் சரணடைய மறுபடியும் வாய்ப்புத் தருக என்றவர்கள் 46 பேர். அமெரிக்காவிலேயே ஜப்பானியப் பிரதிநிதிகள் முன் வெடித்துக் காட்டுக என்றவர்கள் 26 பேர். போரில் பயன்படுத்தவே வேண்டாம் என்ற கருத்தினர் எஞ்சிய 13 பேர். எப்படிக் கூட்டினாலும், நகரத்தைக் கொளுத்திவிட்டுப் பிறகு பேசுக என்றவர்கள் சிறுபான்மையே.

மனு என்ன ஆயிற்று? அதிகாரிகளின் வழியாகவே அது போகவேண்டும் என்பது விதி. காம்ப்டனிடம் போயிற்று. அங்கிருந்து ஜூலை இறுதி வாரத்தில் தளபதி குரோவ்ஸின் கைக்குப் போயிற்று. குண்டுபோடும் ஆணை ஜூலை 25ஆம் நாளே பிறந்துவிட்டது. ஆகஸ்டு 1ஆம் நாள்தான் அது ஸ்டிம்சன் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது. ட்ரூமனோ ஐரோப்பாவில், போட்ஸ்டாம் மாநாட்டில்! மனு கோப்பில் புகுந்தது. யாருக்கு எழுதப்பட்டதோ அவர் கண்ணில் படவே இல்லை. இரகசியம் என்று முத்திரையிட்டுப் பல்லாண்டுகள் அதை மக்களிடமிருந்தும் மறைத்தனர்.

ஆகஸ்டு 6ஆம் நாள் காலை 8 மணி 15 நிமிடம். ஹிரோஷிமா நகரின் நடுவே ஒரு பாலத்தைக் குறிவைத்துக் குண்டு விழுந்தது. பெரிய போர்த் தொழிற்சாலைகள் நகரின் ஓரத்தில் இருந்தன. நெருப்பு நடுவூரைத் தின்றது. வான்வழித் தாக்குதலில் தீ பரவாதிருக்க வீடுகளை இடித்து வழிசெய்யும் வேலைக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஆயிரக்கணக்கில் கருகினர் அந்தப் பிஞ்சுகள். ஜப்பானியர் பிடித்துவந்த கொரியத் தொழிலாளர்களும் கூடவே மாண்டனர். ஆகஸ்டு 9இல் நாகசாகி. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேரும், நாகசாகியில் ஏறத்தாழ 70,000 பேரும் மாண்டனர். ஆகஸ்டு 15இல் ஜப்பான் பணிந்தது.

குண்டு போட்டதால்தானே போர் முடிந்தது என்பார் உண்டு. அவர்கள் வாதத்தை நாம் ஒதுக்கவில்லை, எடைபோடவே விரும்புகிறோம். ஒகினாவாத் தீவு ஒன்றைப் பிடிப்பதற்கே அமெரிக்கர் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். அங்கே ஜப்பானியப் படையினரும் குடிமக்களும் இலட்சத்துக்கு மேல் மாண்டனர். நவம்பர் 1இல் ஜப்பான் மண்ணிலேயே இறங்கத் திட்டம் இருந்தது. இறங்கியிருந்தால் எத்தனை உயிர்கள்? ஜப்பானிய இராணுவத்தின் கொடுமையை நாம் அயலார் சொல்லித்தான் அறியவேண்டும் என்பதில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் - பர்மா இரயில் பாதை போடக் கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரவர், காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் மடிந்து அந்தக் காட்டில் புதைந்தனர். அந்த இராணுவம் ஒரு நாள் முன்னதாக ஒழிந்தாலும் நன்றே என்று அங்கே ஏங்கிய தாய்மார்கள் எத்தனை பேர்! அவர்களிடம் போய், போர் நீண்டிருக்கலாம் என்று சொல்லும் துணிவு நமக்கு இல்லை.

ஆனால், தோழர்களே, சிலார்டு போரை நீட்டுங்கள் என்று கேட்கவில்லையே! முதலில் சொல்லிப் பாருங்கள் என்றார். மன்னரை வைத்துக்கொள்ளலாம் என்ற ஒரு வாக்குறுதியை எதிர்பார்த்து ஜப்பானில் ஒரு சாரார் தவித்தனர். ஜூலை 26இல் வந்த போட்ஸ்டாம் அறிவிப்பில் அந்த வாக்குறுதியும் இல்லை. அணுகுண்டு என்ற சொல்லும் இல்லை. இரண்டு நகரங்கள் எரிந்த பிறகு, அதே மன்னர் அரியணையில் தொடர அமெரிக்காவே இடம் தந்தது! பின்னால் தந்ததை முன்னால் சொல்லியிருந்தால்? ஆகஸ்டு 8இல் இரஷ்யா போர்ப் பிரகடனம் செய்தது. அதன் விளைவைக் காண ஒரு வாரம் பொறுத்திருந்தால்? ஹிரோஷிமாவின் கதியை ஜப்பானிய ஆட்சியினர் முழுதும் உணருமுன், மூன்றே நாளில் நாகசாகி எதற்கு? 1946இல் அமெரிக்க அரசின் குண்டுவீச்சு மதிப்பீட்டுக் குழுவே, குண்டு போடாமலும், இரஷ்யா புகாமலும், படையெடுப்பு இல்லாமலும்கூட, 1945ஆம் ஆண்டு முடிவதற்குள் ஜப்பான் சரணடைந்திருக்கும் என்று எழுதியது. அந்தக் கணிப்பை மறுக்கும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. எப்படி முடிந்திருக்கும் என்பதை எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் மற்ற வழிகளில் ஒன்றையேனும் முயன்று பார்த்த பின்தான் குண்டைத் தொட்டோம் என்று சொல்ல, போட்டவர்களால் முடியவில்லை. அதுதான் குற்றச்சாட்டு.

ஜெர்மனி இரண்டு குண்டுகளை நம் நகரங்களில் போட்டு, பிறகு போரில் தோற்றிருந்தால், அதைப் போர்க்குற்றம் என்று சொல்லி, செய்தவர்களைத் தூக்கிலிட்டிருக்க மாட்டோமா என்று சிலார்டு பின்னாளில் அமெரிக்க மக்களைக் கேட்டார். வென்றவன் செய்தால் வீரம், தோற்றவன் செய்தால் குற்றம் என்றால், அது அறமாகுமா? பிறரை மட்டும் அவர் கேட்கவில்லை. 1949இல் வெளிவந்த கற்பனைக் கதையொன்றில், தம்மையே போர்க்குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி விசாரணை நடத்தினார். எத்தனை பேருக்கு அந்த நெஞ்சுரம் உண்டு?

போருக்குப்பின் அணு ஆற்றலை இராணுவத்தின் கையிலிருந்து மீட்கப் போராடினார். 1946ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குடியாட்சிக் குழுவின் கையில் ஒப்படைத்தது. அணு ஆராய்ச்சியைக் கைவிட்டு உயிரியல் படித்தார். சாவின் கலையை விட்டு வாழ்வின் கலைக்கு வந்தார். 1960இல் புற்றுநோய் கண்டது. கதிர்வீச்சு மருத்துவத்தை எந்த அளவில் தருவது என்று தமக்குத் தாமே கணக்கிட்டுத் தந்தார், பிழைத்தார். அவ்வாண்டு அக்டோபரில் நியூயார்க் வந்திருந்த இரஷ்யத் தலைவர் குருசேவைச் சந்தித்தார். பதினைந்து நிமிடம் என்று குறித்த பேச்சு இரண்டு மணிநேரம் நீண்டது. முகம் மழிக்கும் கருவி ஒன்றைப் பரிசளித்து, போர் மூளாதவரை பிளேடு அனுப்பிக்கொண்டிருப்பேன் என்றார். போர் மூண்டால் மழிப்பதையே நிறுத்திவிடுவேன் என்றார் குருசேவ். சிரிப்புக்கிடையே ஒரு யோசனையையும் வைத்தார் சிலார்டு: மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் நேரடித் தொடர்பு வேண்டும். வேறு சிலரும் வலியுறுத்திய அந்த ஏற்பாடு, கியூபா நெருக்கடி உலகை நடுங்க வைத்த பிறகு, 1963இல் நிறைவேறிற்று. 1962இல், அணு ஆயுதக் குறைப்புக்கு ஆதரவான வேட்பாளர்களுக்குத் தேர்தலில் துணைநிற்கும் அமைப்பு ஒன்றைத் தோற்றுவித்தார். 1964 மே 30ஆம் நாள், கலிபோர்னியாவில், உறக்கத்திலேயே உயிர் நீத்தார்.

இந்த வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்வது என்ன? சிலார்டைத் தெய்வமாக்கப் போவதில்லை நாம். அவர் பிழையும் செய்தார். கருவியை முதலில் செய்துவிட்டு, பயன்பாட்டை அப்புறம் பேசலாம் என்று எண்ணியதே அந்தப் பிழை. ஹிட்லரைக் கண்ட கண்ணுக்கு அது பிழையாகத் தெரியாமற்போனதில் வியப்பில்லை. ஆனால் ஆளுவோர் கையில் கத்தியைக் கொடுத்த பிறகு, எங்கே குத்துவது என்று கொடுத்தவனைக் கேட்பார் இல்லை.

இன்னொன்றும் உண்டு. எழுபது பேர் எழுதினர். ஏழு கோடி மக்கள் தெருவில் இறங்கிக் கேட்டிருந்தால்? கேட்டிருக்க முடியாது. அவர்களுக்குத் தெரியாதே! இருநூறு கோடி டாலர் அவர்கள் வரிப்பணம். செய்தது அவர்கள் பெயரால். ஆயினும் அவர்களிடம் ஒரு சொல் இல்லை. தேர்தலில் வாக்குச் சீட்டு உண்டு, நாடாளுமன்றம் உண்டு, பத்திரிகை உண்டு. நாட்டின் மிகப் பெரிய முடிவு மட்டும் பூட்டிய அறைக்குள்! மக்கள் அறியாத இடத்தில் மக்களாட்சி வாழாது. மனு தோற்றதன் காரணம் அதன் வாதம் அல்ல. அது போன வழி.

இன்று ஒன்பது நாடுகளிடம் அணு ஆயுதங்கள் உள்ளன. எண்ணிக்கை பன்னிரண்டாயிரத்துக்கு மேல். நம் நாடும் அந்த ஒன்பதில் ஒன்று. ஆயுதப் போட்டி விளையும் என்று 1945 ஜூனில் எழுவர் எழுதியது அப்படியே நடந்திருக்கிறது. ஆனாலும் நாகசாகிக்குப் பிறகு இதுவரை ஒரு குண்டும் போரில் விழவில்லை. அதற்கு அச்சமும் ஒரு காரணம். போடுவது பாவம் என்ற எண்ணம் உலகில் ஊன்றியதும் ஒரு காரணம். அந்த எண்ணத்தை ஊன்றியவர்கள் யார்? உடல் வெந்தும் உயிரோடிருந்து ஊர் ஊராகச் சென்று சாட்சி சொன்ன ஹிரோஷிமா, நாகசாகி மக்கள். அவர்களின் அமைப்புக்கு 2024இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அவர்களுக்கு முன்பே, குண்டு விழுவதற்கு இருபது நாள் முன்பே, ஒரு தாளில் கையெழுத்திட்ட எழுபது பேர்.

கோப்புக்குள் புதைத்த மனு வெளியே வந்துவிட்டது. தடுத்த தளபதி மறைந்தார். படிக்காத தலைவர் மறைந்தார். கேள்வி மட்டும் மறையவில்லை. போரை முடிப்பதற்கென்று தொழிலாளியின் குடியிருப்பைக் கொளுத்தலாமா என்று எவனாவது இனி வரைபடத்தை விரிக்கும்போது, அந்தக் கேள்வி அவன் முன் வந்து நிற்கும். நிற்க வைக்கவேண்டியது நம் வேலை. அதற்கு எழுபது கையெழுத்து போதாது, தோழர்களே!